பார்த்துக்கொள்ளப் படிப்பு எதற்கு?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த பிறகு, “நான் பாலர் கல்வி படிக்கப் போகிறேன்” என்று ஒரு மாணவர் வீட்டில் சொன்னால், பெரும்பாலும் ஒரு கேள்வி எழும். “சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரிக்குப் போய்ப் படிக்க வேண்டுமா? உன் பாட்டி எந்தக் கல்லூரியில் படித்து ஏழு பிள்ளைகளை வளர்த்தார்?” கேட்பவர் கேலிக்காகக் கேட்பதில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்கிறார். ஆகவே, அந்தக் கேள்விக்கு நேரான பதில் தேவைப்படுகிறது.

சிலாங்கூரில், கிள்ளான் நகருக்கு வடக்கே காப்பார் முக்கிமில் இருக்கிறது மேரு. அதைச் சுற்றியிருந்த நிலம் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டமாகவும், பிறகு செம்பனைத் தோட்டமாகவும் இருந்தது. இரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலைக் குளிரில்தான். எனவே தாயும் தந்தையும் இருட்டோடு மரம் வெட்டப் போக வேண்டியிருந்தது. நடக்கத் தெரியாத பிள்ளைகளும் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளும் எங்கே இருப்பார்கள்? மலாயாவின் பல தோட்டங்களில் அதற்கென்றே ‘ஆயாக் கொட்டகை’ ஒன்று இருந்தது. உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். மரம் வெட்டும் வலு குறைந்துவிட்ட ஒரு மூதாட்டி பெரும்பாலும் ஆயாவாக இருப்பார். பால் கரைத்துக் கொடுப்பது, குளிப்பாட்டுவது, ஆட்டித் தூங்க வைப்பது, அடித்துக்கொள்ளும் பிள்ளைகளை விலக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு யாரும் பயிற்சி அளிக்கவில்லை. இருந்தும், ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பத்திரமாகப் பெற்றோர் கையில் திரும்ப ஒப்படைத்தவர் அவர். பாலர் கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் அந்த ஆயாக்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினால் தகும்.

இன்று மேருவின் சுற்றுப்புறத்தில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்துள்ளன. பெற்றோர் தொழிற்பேட்டைகளிலும் கிள்ளான் துறைமுகத்திலும் ஷா ஆலம் அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். சிலருக்குப் பகல் வேலை, சிலருக்கு இரவு வேலை. ஆயாக் கொட்டகை இல்லை. பக்கத்து வீட்டில் பாட்டியும் இல்லை. அவர் வேறு ஊரில் இருக்கிறார், அல்லது அவரும் வேலைக்குப் போகிறார். பிள்ளை நாளொன்றுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் உறவினர் அல்லாத ஒருவரின் கையில் இருக்கிறது. அந்த ஒருவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

மலேசியச் சட்டம் இக்கேள்வியைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேற்பட்டவர்களையோ கட்டணம் வாங்கிப் பராமரிக்கும் இடம் எதுவானாலும் அது ஒரு பராமரிப்பு மையமே. மலாயில் இதனை ‘தாஸ்கா’ என்பர். வரிசை வீட்டின் வரவேற்பறையில் நடந்தாலும் சமூக நல இலாகாவில் பதிவு செய்தாக வேண்டும். ஒரு பராமரிப்பாளர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரையறை உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் என்றால் 3 பேர். ஒன்று முதல் மூன்று வயது வரை 5 பேர். மூன்று முதல் நான்கு வயது வரை 10 பேர். கைக்குழந்தைகள் மூவர் மட்டுமே என்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தீ விபத்து நேர்ந்தால் ஒருவர் எத்தனை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடியும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த எண் அதிகம் என்றே தோன்றும்.

நான்கு வயதுக்கு மேல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கானது பாலர் பள்ளி, அதாவது ‘தாடிக்கா’. இது கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. ‘தாடிக்கா’ என்ற பெயரின் முதற்பகுதி ‘தாமான்’, அதாவது தோட்டம். ஜெர்மனியில் 1837இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கிய ஃபிரடெரிக் ஃப்ரோபெல், 1840இல் அதற்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்ற பொருளில் பெயரிட்டார். அந்தச் சொல்லே உலகெங்கும் பரவியது. செடியை இழுத்து நீட்டி வளர்க்க முடியாது, அதற்கேற்ற மண்ணையும் நீரையும் தந்து காத்திருக்க வேண்டும் என்பது ஃப்ரோபெலின் எண்ணம்.

இனி, கல்லூரியில் என்னதான் கற்பிக்கிறார்கள் என்று பார்க்கலாம். முதலில் வருவது குழந்தை வளர்ச்சி என்னும் பாடம். இதன் சுவையை அறிய ஒரு சிறு சோதனை போதும். நான்கு வயதுப் பிள்ளை ஒன்றின் முன் இரண்டு வரிசைகளில் ஐந்தைந்து நாணயங்களை ஒன்றுக்கு ஒன்று நேராக அடுக்கி, எதில் அதிகம் என்று கேட்டால், “இரண்டும் ஒன்றுதான்” என்று சொல்லும். பிறகு அதன் கண் முன்னாலேயே ஒரு வரிசையின் நாணயங்களை இடைவெளி விட்டு நீட்டி வைத்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பெரும்பாலான நான்கு வயதுப் பிள்ளைகள் நீண்ட வரிசையைக் காட்டி “இதில்தான் அதிகம்” என்பார்கள். ஒரு நாணயமும் கூடவில்லை, குறையவில்லை. இருந்தும் அப்படித்தான் சொல்வார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே இதைப் போன்ற பல சோதனைகளைச் செய்து காட்டினார். அந்த வயதில் கண்ணுக்குத் தெரியும் நீளம் மனத்தின் எண்ணிக்கையை வென்றுவிடுகிறது. ஏழு வயதை ஒட்டி அதே பிள்ளை, “இதென்ன கேள்வி, ஒன்றுதானே!” என்று சிரிக்கும்.

இது தெரியாத ஒருவர் அந்த நான்கு வயதுப் பிள்ளையை ‘மக்கு’ என்பார். மீண்டும் மீண்டும் எண்ணச் சொல்லி அழ வைப்பார். தெரிந்தவர் பிள்ளையின் கையில் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, பல்லாங்குழி ஆட விடுவார். குழிக்கொரு கொட்டையாகப் போட்டுக்கொண்டு போகும்போது, ஓர் எண்ணுக்கு ஒரு பொருள் என்ற உறவு விரல் வழியாக மனத்தில் ஏறுகிறது. மலாய்ச் சமூகத்தின் சோங்காக் விளையாட்டும் இதே வேலையைச் செய்கிறது. கல்லூரியில் பயிலும் மாணவர்கள் இத்தகைய விளையாட்டுப் பொருள்களைத் தாமே தயாரித்து, ஒவ்வொன்றும் எந்த வயதுக்கு, எந்தத் திறனுக்கு என்று விளக்கி ஒப்படைக்க வேண்டும்.

ஆனால் இப்படிப்பின் உயிர்நாடி வேறொன்று. அதுதான் கவனித்தல். கவனிப்பதற்கும் ஒரு பாடமா என்று தோன்றலாம். பயிற்சி மாணவர் ஒருவர் முதல் வாரத்தில், “சிவப்புச் சட்டை போட்ட பையன் இன்று அடம் பிடித்தான்” என்று தம் குறிப்பேட்டில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விரிவுரையாளர் அதை ஏற்க மாட்டார். ‘அடம்’ என்பது எழுதியவரின் தீர்ப்பு. நடந்தது என்ன? “காலை 10.15க்கு நீலக் கட்டையை மூன்று முறை கேட்டான். தோழன் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் அழுதான். பிறகு எழுந்து மஞ்சள் கட்டையை எடுத்துக்கொண்டான்.” இப்படி எழுதினால் அங்கே அடம் பிடிக்கும் பையன் மறைந்துபோகிறான். மூன்று முறை வாயால் கேட்டவன், கிடைக்காதபோது யாரையும் அடிக்காதவன், தன் ஏமாற்றத்தைத் தானே கடந்து வேறு வழி தேடியவன் தெரிகிறான். அதே பையன்தான்; குறிப்பு மட்டும்தான் மாறியது.

இந்தக் கவனிப்பின் மேல் ஒரு கல்வி முறையையே கட்டியவர் மரியா மாண்டிசோரி. மருத்துவரான அவர், 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் வேலையை நாற்பது தடவைக்கு மேல் விடாமல் செய்வதை அவர் கண்டார். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தும் அவள் கவனம் கலையவில்லை. சிறு பிள்ளைகளால் ஒன்றிலும் நிலைத்திருக்க முடியாது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

மாண்டிசோரிக்கும் தமிழ் மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். ஏறக்குறைய 300 பேர் அவருடைய முதல் பயிற்சி வகுப்பில் சேர்ந்தனர். சில மாதங்களில் திரும்பிவிட வேண்டும் என்று வந்தவர்தான். ஆனால் இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகக் களமிறங்கியதால், 1940இல் அவருடைய மகன் மாரியோ சிறை வைக்கப்பட்டார். தாயின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. அவருடைய 70ஆம் பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். போர் முடியும்வரை இருவரும் இந்தியாவிலேயே தங்கினர். சில ஆண்டுகள் கொடைக்கானலில் பிள்ளைகளுடன் பணியாற்றினர். 1946இல் அவர் ஐரோப்பா திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர். அந்த ஆசிரியர்கள் முதலில் கற்றது எப்படிப் பேசுவது என்பதை அன்று, எப்போது பேசாமல் நின்று பார்ப்பது என்பதை.

கவனிப்பு ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே திருப்பிவிடவும் கூடும். வகுப்பில் எப்போதும் ஓர் ஓரத்தில் தனியாக விளையாடும் பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் சிறுவர் விளையாட்டை வகைப்படுத்தினார். சும்மா இருப்பது, பிறர் ஆடுவதைப் பார்ப்பது, தனியாக ஆடுவது, பக்கத்தில் இருந்தும் சேராமல் ஆடுவது, சேர்ந்து ஆடுவது, திட்டமிட்டுக் கூட்டாக ஆடுவது என்பன அவ்வகைகள். இரண்டு வயதில் தனி ஆட்டம் இயல்பு. ஐந்து வயதிலும் ஒரு பிள்ளை எப்போதும் தனித்தே இருந்தால் காரணம் தேட வேண்டும். கூச்சமாக இருக்கலாம். வகுப்பில் பேசும் மொழி புரியாமல் இருக்கலாம். காது சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, முகத்தைப் பார்த்தால் மட்டும் பதில் சொல்கிறதா என்று ஒரு வாரம் குறித்து வைத்த ஆசிரியர், அந்தக் குறிப்போடு பெற்றோரைக் கிளினிக்குக்கு அனுப்ப முடியும். ஆயாக் கொட்டகையில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே இருந்த மூதாட்டியால் இதைச் செய்திருக்க முடியாது. அது அவர் குறையன்று.

கல்லூரியில் கற்பதற்கும் பெற்றோர் எதிர்பார்ப்பதற்கும் இடையே அடிக்கடி உரசல் ஏற்படும் இடம் ஒன்று உண்டு. நான்கு வயதில் பிள்ளை எழுத வேண்டும், ஐந்து வயதில் வாய்பாடு சொல்ல வேண்டும் என்று பல பெற்றோர் விரும்புகிறார்கள். மாலையில் பையைத் திறந்தால் பயிற்சித் தாள் இருக்க வேண்டும், இல்லையென்றால், “இன்றும் விளையாட்டுத்தானா?” என்ற கேள்வி வரும். இதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. முதலாம் ஆண்டில் தம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனாலும் உடற்கூறு வேறு கதை சொல்கிறது. பென்சிலைப் பிடிப்பதற்குத் தோள், மணிக்கட்டு, விரல் என ஒவ்வொன்றும் முறையே வலுப்பெற வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவது, தாளைக் கிழித்து ஒட்டுவது, துணி மாட்டும் கவ்வியை அழுத்தித் திறப்பது, மணலில் விரலால் வரைவது, பூ கோப்பது ஆகியவை எல்லாம் எழுத்துக்கு முந்திய பாடங்கள். அவற்றைத் தாண்டிவிட்டுப் பென்சிலைத் திணித்தால், பிள்ளை எழுதும். கூடவே எழுத்தை வெறுக்கவும் கற்றுக்கொள்ளும். மலேசியாவின் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்து 2017இல் திருத்தப்பட்டது. விளையாட்டின் வழிக் கற்றலை அதுவும் வலியுறுத்துகிறது. எனினும், மாவு பிசைந்தது எப்படிப் பாடமாகும் என்பதைப் பெற்றோரிடம் பொறுமையாக விளக்க வேண்டியவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியரே. அவருக்குக் காரணம் தெரிந்திருந்தால்தான் விளக்க முடியும். இல்லாவிட்டால் பயிற்சித் தாளை நகலெடுக்கப் போய்விடுவார்.

மொழி பற்றிய பாடம் தமிழ் மாணவர்களுக்குத் தனி முக்கியத்துவம் உடையது. மேருவில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், கடைத்தெருவில் மலாயும், கைப்பேசியில் ஆங்கிலமும் கேட்கிறது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவதைக் கேட்டு, பிள்ளை குழம்பிவிட்டது என்று சிலர் வீட்டில் தமிழையே நிறுத்திவிடுகிறார்கள். பல மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகள் இப்படிக் கலந்து பேசுவது வளர்ச்சியின் இயல்பான கட்டம். யாரிடம் எதைப் பேச வேண்டும் என்பதை அவர்கள் விரைவில் பிரித்தறிந்துகொள்வார்கள். பிள்ளை தனக்குத் தெரிந்த மொழியில் கல்வியைத் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953ஆம் ஆண்டு அறிக்கையிலேயே பரிந்துரைத்தது. தமிழ்ப்பள்ளிகளோடு இணைந்த பாலர் வகுப்புகள் இதனால்தான் அருமையானவை. அங்கே தமிழில் கதை சொல்லவும், பிள்ளையின் மழலைத் தமிழைத் திருத்தாமல் விரித்துப் பேசவும் தெரிந்த, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தேவை. “அம்மா கார்ல போச்சு” என்று பிள்ளை சொன்னால், “தப்பு” என்பதற்குப் பதிலாக, “ஆமாம், அம்மா காரில் போனார்கள், வேலைக்குப் போனார்கள்” என்று திருப்பிச் சொல்வது ஒரு நுட்பம். அதையும் கற்றுத்தான் பழக வேண்டும்.

உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய பாடங்கள் அவ்வளவு கவர்ச்சியானவை அல்ல. ஆனால் தவிர்க்க முடியாதவை. மலேசியாவில் கை, கால், வாய் நோய் அடிக்கடி தலைகாட்டும். 1997இல் சரவாக்கில் அது பல குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதனால்தான் பல மையங்களில் காலையில் பிள்ளை உள்ளே நுழையும்போதே உள்ளங்கையையும் வாயையும் பார்த்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை அடித்துத் துன்புறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்ப இடமிருந்தால், பராமரிப்பாளர் அதைச் சமூக நல அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம். தெரிவிக்காமல் இருப்பது குற்றம்.

இவ்வளவும் செய்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த பெரி பாலர் பள்ளி ஆய்வைக் காட்டுவது வழக்கம். 1962இல் தொடங்கிய அந்த ஆய்வில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினப் பிள்ளைகள் இடம்பெற்றனர். அவர்களில் 58 பேருக்கு மூன்று, நான்கு வயதுகளில் தரமான பாலர் கல்வி கிடைத்தது. 65 பேருக்குக் கிடைக்கவில்லை. இரு குழுவினரையும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். நாற்பது வயதில் முதல் குழுவினரில் 76 விழுக்காட்டினர் வேலையில் இருந்தனர். மற்றக் குழுவில் 62 விழுக்காட்டினர். இதில் பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அங்கே கற்பித்தவர்கள் முறையாகப் பயின்ற ஆசிரியர்கள்; ஓர் ஆசிரியருக்கு ஏறக்குறைய ஆறு பிள்ளைகள்தாம்; வாரந்தோறும் அவர்கள் பிள்ளைகளின் வீட்டுக்கும் சென்றார்கள். பாலர் பள்ளி என்ற பலகையை மாட்டினாலே அந்தப் பலன் கிடைத்துவிடாது.

இத்துறையில் சேரப் பல வழிகள் உள்ளன. சில இடைநிலைப் பள்ளிகளில் குழந்தைப் பராமரிப்பும் தொடக்கக் கல்வியும் எஸ்.பி.எம். தேர்வுக்குரிய தொழிற்கல்விப் பாடமாகவே உள்ளது. தொழிற்கல்லூரிகளிலும் இப்படிப்பு உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் பொதுவாக மூன்று பாடங்களில் நன்மதிப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் கல்லூரிகளில் டிப்ளோமா படிப்பில் சேரலாம். அது இரண்டரை முதல் மூன்றாண்டுகள் வரை நீளும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இத்துறையில் இளங்கலைப் பட்டம் வழங்குகிறது. ஏற்கெனவே வேலை செய்பவர்கள் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பயிலலாம். மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஆசிரியர் கல்விக் கழகங்களும் உண்டு. அங்கே பயின்று அரசுப் பணியில் அமர்பவர்களுக்குப் பட்டதாரி ஆசிரியர்களுக்குரிய சம்பளம் கிடைக்கும்.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். தனியார் தாஸ்காக்களிலும் தாடிக்காக்களிலும் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கிறது. 2025இல் அது 1,700 ரிங்கிட் ஆனது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டு வாடகைக்கும் போக்குவரத்துச் செலவுக்கும் அது போதாது என்பது கணக்குப் போட்டால் தெரியும். கல்விக் கடன் வாங்கிப் படித்தவர் மாதந்தோறும் அதையும் திருப்பிச் செலுத்த வேண்டும். 2013 முதல் 2025 வரையிலான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் பாலர் பள்ளி ஆசிரியர்கள் குறைந்தது டிப்ளோமா பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. தகுதியை உயர்த்தச் சொன்ன வேகத்தில் சம்பளம் உயரவில்லை. பெற்றோர் கட்டும் கட்டணத்தில்தான் மையம் நடக்கிறது. கட்டணத்தை உயர்த்தினால் தொழிற்சாலையில் வேலை செய்யும் குடும்பம் பிள்ளையைப் பதிவில்லாத ஒரு வீட்டில் விட்டுவிடும். இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. பயின்ற பலர் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வேறு வேலைக்குப் போய்விடுவதற்கு இதுவே பெரிய காரணம். அவர்களைப் பிரியும் பிள்ளைகள் மறுபடி ஒரு புதிய முகத்தோடு பழகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

டிப்ளோமாவும் அனுபவமும் உள்ளவர் காலப்போக்கில் மையப் பொறுப்பாளர் ஆகலாம். சொந்தமாகத் தாஸ்கா தொடங்கலாம். சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கான கல்வியில் மேற்படிப்புப் படிக்கலாம். ஆண்கள் இத்துறைக்கு மிகக் குறைவாகவே வருகிறார்கள். தடை சட்டத்தில் இல்லை, வீட்டுப் பேச்சில்தான் இருக்கிறது.

சேர்வதா வேண்டாமா என்று தயங்கும் மாணவர்களுக்கு ஆலோசகர்கள் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு. பள்ளி விடுமுறையில், பெற்றோர் சம்மதத்துடன், பதிவு பெற்ற மையம் ஒன்றில் ஒரு வாரம் உதவியாளராக இருந்து பார்ப்பது. பத்து மூன்று வயதுப் பிள்ளைகளின் காலணிகளை மாட்டிவிட்டு, சோறு சிந்திய தரையைத் துடைத்து, மதியம் ஒரே நேரத்தில் தூங்க வைக்க முயன்று, நடுவில் ஒருவன் ஏன் அழுகிறான் என்று கண்டுபிடித்தவருக்கு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் தம் விடை தெரிந்துவிடும்.